ஆற்றின் இரு கரைகளிலும் ஒரே மாநகரம்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும் தச்சநல்லூரும் இணைந்து 1994இல் ஒரே மாநகராட்சியாயின. ஆயினும் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுணும், தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் நிறைந்த பாளையும், பள்ளிவாசல் தெருக்கள் கொண்ட மேலப்பாளையமும் இன்றும் தனித்தனி முகத்துடனேயே இருக்கின்றன. டவுணில் நாம் வரிசையில் நின்று வாங்கும் அல்வாவே வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பங்களின் கைப்பக்குவம்தான்.

சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டி, 1843இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து, மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் கால்நடைச் சந்தைக்குச் சென்றேன். நெற்றியில் திருநீறு பூசியிருந்த வியாபாரி ஒருவர், "பக்ரீதும் தீபாவளியும்தான் அண்ணாச்சி எங்களுக்குச் சீசன்" என்றார். இரு பெருநாள்களையும் அவர் ஒரே மூச்சில் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

பாளையில் நான் காண விரும்பியது குளோரிந்தா ஆலயம். தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணப் பெண்ணான குளோரிந்தா, கணவரை இழந்தபின் லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியுடன் வாழ்ந்தார். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த கிறித்தவ மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், லிட்டில்டன் இறந்தபின் 1778இல் கொடுத்தார். குளோரிந்தா முன்னின்று எழுப்பிய இவ்வாலயம் 1785இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஊரார் இதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைக்கிறார்கள். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். அவர்களும் பல சாதியார். அக்காலத்தில் அவர்கள் ஒன்றாக அமர்ந்ததே பெரிய துணிவு என்று நினைக்கிறேன்.

மதங்களுக்கிடையே கண்ட இந்த நெருக்கத்தைச் சாதிகளுக்கிடையே நான் காணவில்லை. திரும்பும் பேருந்தில் ஏறிய மாணவர்கள் சிலரின் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் இருந்தன. இம்மாவட்டத்தின் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவருடைய தங்கையும் 2023 ஆகஸ்டில் வீட்டுக்குள் வைத்தே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள் என்பதை இன்றளவும் என்னால் ஏற்க முடியவில்லை. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, இக்கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும் 2024இல் பரிந்துரைத்தது. அவ்வறிக்கையின் ஒவ்வொரு வரியும் முதலில் நடைமுறைக்கு வரவேண்டிய இடம், இத்தனை பழைய பள்ளிக்கூடங்களைக் கொண்ட இந்தப் பாளையங்கோட்டைதான்.