பவர் ஸ்டீயரிங் ஹோஸ் மாத்துறதுக்குள்ள பட்ட பாடு

நேத்து சாயங்காலம் தான் வண்டி கைக்கு வந்துச்சு, கடுப்பு இன்னும் அடங்கல. பழைய டீசல் வண்டி, ஹைட்ராலிக் ஸ்டீயரிங். ஆயில் எவ்ளோ ஊத்தினாலும் டப்பால மினிமம் கோட்டுக்குக் கீழ போயிடும், ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா பம்ப் உறுமும். கடலூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல அடியில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "ரேக் போச்சு சார், அசெம்பிளியாவே மாத்தணும்"னு எஸ்டிமேட்ட நீட்டிட்டாங்க. ரேக்னா ஸ்டீயரிங்க ஒடிச்சா முன் வீல திருப்புற அடிப்பாகம். எங்கேருந்து ஒழுகுதுன்னு கேட்டா பதில் இல்ல. மேல எங்க ஒழுகினாலும் கீழ ரேக் மேலதானங்க வந்து சொட்டும்!

மஞ்சக்குப்பத்துல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் மொதல்ல எல்லாத்தையும் கழுவித் தொடைச்சாரு, அப்புறம் என்ஜின ஓடவிட்டு என்னை ஸ்டீயரிங்க ஒடிக்கச் சொன்னாரு. பம்ப்லேருந்து ரேக்குக்கு ஆயில் போற பிரஷர் ஹோஸ்ல ரப்பரும் இரும்பு பைப்பும் சேர்ற எடத்துல ஆயில் கசிஞ்சுது, ரேக் காஞ்சு கெடந்துச்சு. "ஹோஸ் மட்டும் போதும் தம்பி"ன்னாரு. கழுவிப் பாக்காம யார் ரேக் மாத்தச் சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

அந்த ஹோஸ் கடலூர்ல இல்ல. பாண்டில ஒரு கடைல போன்ல பார்ட் நம்பர் சொல்லிக் கேட்டேன், "இருக்கு வாங்க"ன்னாங்க. பைக்ல முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் டிராபிக்கெல்லாம் தாண்டிப் போனா பெட்ரோல் மாடல் ஹோஸ எடுத்து வெக்கிறாங்க, பைப் வளைவே வேற. "லேசா வளைச்சுக்கலாம் சார்"னு சமாதானம் வேற. ஆயிரம் பிஎஸ்ஐக்கு மேல பிரஷர் போற லைன், அத வளைப்பாங்களா? போட்டோ அனுப்பச் சொல்லி பாத்துட்டு கிளம்புங்க. கடைசில சென்னை ஜிபி ரோட்ல சொல்லி பஸ் பார்சல்ல வரவெச்சேன்.

மாட்டும்போது பேன்ஜோ போல்ட்டுக்கு (ஹோஸ் முனைய இறுக்குற, நடுவுல ஆயில் போற ஓட்டை இருக்கற போல்ட்) வர்ற காப்பர் வாஷர், ஹோஸ் முனைக்கு ரெண்டு பக்கமும் போடறது, பார்சல்ல இல்ல. பழசையே போடலாம்னு ஒர்க்ஷாப் பையன் எடுத்தான், நான் விடல. ஒரு தடவ நசுங்குனது திரும்ப சரியா அடைக்காது, புதுசு சில்லறைக் காசுதான்.

லைன்ல மாட்டின காத்த வெளியேத்துறதுலயும் (ஏர் எடுக்கறது) அவசரப்படாதீங்க. முன் வீல் ரெண்டையும் தூக்கி, என்ஜின் ஆஃப்ல வெச்சே ரெண்டு பக்கமும் மெதுவா முழுசா ஒடிச்சு, ஆயில் டப்பால காத்துக் குமிழி வர்றது நின்னு ஆயில் லெவல் எறங்காம இருந்தா தான் ஸ்டார்ட் பண்ணணும். உடனே ஸ்டார்ட் பண்ணா ஆயில் நுரைச்சுடும், பம்ப் கத்தும். ஆயில் எதுன்னு டப்பா மூடிலயோ மேனுவல்லயோ போட்டிருக்கும், அதத்தான் ஊத்தணும். அவசரத்துக்குன்னு யாராவது பிரேக் ஆயில் ஊத்த வந்தா தடுத்துடுங்க, உள்ள இருக்கற சீல் எல்லாம் ஊதிப் போயிடும், அப்ப நெஜமாவே ரேக் மாத்த வேண்டி வரும்.