நாயின் காதில் குடியிருக்கும் மதுவ வம்சங்கள்

தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நாய் வளர்ப்போரிடம் ஒரே முறைப்பாட்டைத்தான் கேட்கிறேன்: நாய் ஓயாமல் தலையை உதறுகிறது, காதைச் சொறிகிறது, காதிலிருந்து புளித்த வாடை வீசுகிறது. இதற்குப் பல வேளைகளில் காரணமாக இருப்பது மலசீசியா பாக்கிடெர்மாட்டிஸ் என்னும் மதுவம், அதாவது ஈஸ்ட். அதற்குள் இருக்கும் மரபு வேறுபாட்டை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கொக்கர் ஸ்பானியலின் காதுக் குறும்பியைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து, கண்ணாடி வழுக்கியில் தடவிச் சாயமிட்ட மிருக வைத்தியர், நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்க வைத்தார். கச்சான் கோதைப் போல இடையில் சற்று ஒடுங்கிய ஊதா நிறக் கலங்கள் தோற்கலங்களின்மேல் அப்பிக்கிடந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் அவை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் வைட்மன் என்பவர் இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் உரிந்த தோலிலிருந்து இந்த மதுவத்தைப் பிரித்தெடுத்தார். 1990களில் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கலத்தில் புரதம் ஆக்கும் றைபோசோம் என்னும் நுண்ணுறுப்பின் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, இந்த ஒரே இனத்துக்குள் ஏழு வரிசை வகைகளை இனங்கண்டனர். பின்னர் றைபோசோம் பரம்பரையலகுகளுக்கு (ஜீன்களுக்கு) இடைப்பட்ட பகுதிகளையும் மதுவத்தின் கலச்சுவரிலுள்ள கைற்றின் என்னும் பொருளைத் தொகுக்கும் பரம்பரையலகையும் ஆராய்ந்தபோது, மேலும் நுண்ணிய பிரிவுகள் தெரியவந்தன. ஒரே நாயின் உடலிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் வாழக்கூடும். நோயுற்ற காதில் காணப்படும் வகை நலமான காதிலும் காணப்படுவதால், குற்றத்தை வகையின்மீது மட்டும் சுமத்திவிட முடியாது. ஒவ்வாமை, ஈரம், தொங்கும் காது, செங்குத்தாக இறங்கிப் பின் உள்நோக்கித் திரும்பும் செவிக்கால்வாய் ஆகியவையே அமைதியாகக் குடியிருந்த மதுவத்தைப் பெருகச் செய்கின்றன. கொழுப்பமிலத்தைத் தானே தொகுக்க இயலாத இந்த உயிரிக்குக் குறும்பியின் கொழுப்பே உணவு.

அப்படியானால் வகையறிவதால் என்ன பயன்? தொற்று எங்கிருந்து வந்தது என்பதைத் துலக்க அது உதவும். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பரவிய இதே மதுவத்தின் டி.என்.ஏ. வடிவத்தை ஒப்பிட்டு, ஊழியர்கள் வளர்த்த நாய்களோடு அதனைத் தொடர்புபடுத்தியது. நாயைத் தொட்டபின் கைகழுவ வேண்டும் என்று நான் வீட்டில் வற்புறுத்துவதற்கு இந்த ஆய்வே காரணம்.

சிகிச்சையிலும் மரபு வேறுபாடு குறுக்கிடுகிறது. மைக்கொனசோல், குளோட்ரிமசோல் போன்ற, மதுவத்துக்கு எதிரான அசோல் வகை மருந்துகள் தாக்கும் நொதியத்தை ஆக்கும் ஈ.ஆர்.ஜி.11 பரம்பரையலகில் மாற்றம் நேர்ந்த மதுவங்களில் மருந்தெதிர்ப்பு பதிவாகியுள்ளது. எனவே காதுநோய் திரும்பத் திரும்ப வந்தால், பழைய சொட்டு மருந்துப் போத்தலையே மீண்டும் திறக்காமல், மாதிரியை வளர்த்து மருந்துணர்திறனைச் சோதிக்க இயலுமா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அடியிலுள்ள ஒவ்வாமையையும் தேடச் சொல்லுங்கள். அது கவனிக்கப்படாதவரை, எந்த வகை மதுவம் அழிந்தாலும் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துசேரும்.