மணலா, களியா?

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு தேடும் ஒரு கிணற்றுக்கு இடம் குறித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், தரைக்குள் அதிர்வலை அனுப்பி அதன் எதிரொலியிலிருந்து வரைந்த இம்பீடன்ஸ் வரைபடத்தில் ஒரு திட்டு நல்ல சிவப்பாகத் தெரிந்தது. பாறையின் அடர்த்தியை அதில் அலை போகும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது இம்பீடன்ஸ். நுண்துளைகள் நிறைந்த மணற்பாறையில் அது குறையும்; வரைபடத்தில் சிவப்பு அந்தக் குறைவைக் காட்டும். அதை நம்பி, போராசிட்டி, அதாவது பாறையில் நுண்துளைகளின் பங்கு, 20 சதவீதத்துக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தேன்.

துளையிட்டதில் வந்தது ஷேல் எனும் களிப்பாறை. துளையிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகள் இருக்கும் கோர் பெட்டியைத் திறந்து, உடைந்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நல்ல மணற்பாறை என்றால் விட்டவுடன் குடித்துவிடும். இதில் சொட்டு அப்படியே உருண்டு நின்றது. இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

களிப்பாறைக்கும் இம்பீடன்ஸ் குறையலாம் என்பது பாடத்தில் படித்ததுதான். எண் ஒன்று, விடை இரண்டு. பிரித்துச் சொல்ல, பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் குறுக்கலையின் வேகமும் வேண்டும். பாறையை அழுத்தித் தளர்த்திப் போகும் அழுத்த அலையின் வேகத்தைக் குறுக்கலையின் வேகத்தால் வகுத்தால், மணலில் பெரும்பாலும் குறைவாகவும் களியில் அதிகமாகவும் வரும். தனியாகக் குறுக்கலை அளக்காவிட்டாலும், அதன் சாயல், அலை எழுப்பும் இடத்திலிருந்து தொலைவில் வைத்த ஜியோபோன்களின் (அதிர்வைப் பதியும் கருவிகளின்) பதிவில் இருக்கிறது. தூரம் கூடக்கூட எதிரொலியின் வலிமை மாறுவதை வைத்து எரிவாயு நிறைந்த மணற்பாறையை அடையாளம் காணலாம் என்று ஆஸ்ட்ராண்டர் என்ற ஆய்வாளர் 1984-இலேயே காட்டிவிட்டார். நாங்களோ அருகில், தொலைவில் என்று பார்க்காமல் எல்லாப் பதிவுகளையும் கூட்டி ஒரே தடமாக்கியிருந்தோம். கையில் இருந்த தகவல் அதிலேயே கரைந்துவிட்டது. எனக்கு இன்றும் வலிப்பது இதுதான்.

சரி என்று கூட்டாத பதிவுகளை எடுத்து மறுபடி இன்வெர்ஷன் செய்தோம், அதாவது எதிரொலியிலிருந்து பாறையின் பண்புகளைக் கணக்கிட்டோம். பழைய கிணறுகளில் குறுக்கலை லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி அளந்த பதிவு) கிடையாது. அழுத்த அலையின் வேகத்திலிருந்து குறுக்கலையின் வேகத்தைக் கணிக்கும் கஸ்டானாவின் 1985 சூத்திரத்தை வைத்து நிரப்பினோம். அது நீர் நிறைந்த பாறைக்கானது என்பதால் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் அந்தச் சிவப்புத் திட்டு களியின் பக்கம் போய் விழுந்தது.

இன்னொரு தடையும் உண்டு. நொடிக்கு 3,000 மீட்டர் வேகம், 30 ஹெர்ட்ஸ் அலை என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்கு மெல்லிய அடுக்கின் மேலும் கீழும் தனித்தனியாகத் தெரியாது. நாங்கள் தேடும் மணலோ பல இடங்களில் ஐந்தாறு மீட்டர்தான்.

இப்போது இம்பீடன்ஸ் வரைபடத்தோடு, மணலாக இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்ற வரைபடத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். துளையிடும் குழு ஒரே எண்ணைத்தான் கேட்கும். அப்புறம் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கும். பேசுகிறேன்.