வத்துப்பெருக்கு

நிலம் கெட்டுப் போச்சான்னு மண்ண எடுத்துப் பாக்கறது எங்க வேலை, அதுக்காக தரையில துளைச்ச 4-வது போர்ல 3 மீட்டர் தாண்டினதும் முதல்ல வந்தது வாசந்தான். பாச்சை உருண்டை வாசம். எங்க பாட்டி பட்டுப்புடவை வச்சிருந்த தகரப்பெட்டிய திறந்தா குப்புன்னு வருமே, அதே வாசம், கூடவே ரோடு போடறப்ப தார் காய்ச்சுவாங்களே அந்த நெடியும் சேர்ந்து. மண்ண மோந்து பாக்கக் கூடாதுன்னு எங்க வேலையில முதல் நாளே சொல்லிடுவாங்க, ஆனா இது நாம மோந்து பாக்கற வரைக்கும் காத்திருக்கல, குழாய வெளிய எடுத்து பிளாஸ்டிக் உறைய கிழிச்ச உடனே மூஞ்சில வந்து அடிச்சுது. ரெண்டு எட்டு பின்னாடி போய் காத்துக்கு எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டேன். கையில இருந்த ஆவி அளக்குற மீட்டர் நம்பர் ஏறிக்கிட்டே போச்சு.

இது சிட்னியில, பாரமட்டா ஆத்தங்கரையில இருந்த ஒரு பழைய கேஸ் தொழிற்சாலை இடம். எந்த இடம்னு சொல்லல, ஏன்னா வேலை குடுத்தவங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு. ஆனா இந்த மாதிரி இடங்களோட கதை எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிட்னியில 1841-லயே தெருவிளக்கு கேஸ்ல எரிஞ்சுது, அந்த கேஸ் பூமியில இருந்து வந்ததில்ல, நிலக்கரிய காத்துப் படாம மூடி வச்சு சூடு பண்ணி எடுத்தது. மில்லர்ஸ் பாயிண்ட்ல ஒண்ணு, அப்புறம் 1886-ல மார்ட்லேக்ல பெருசா ஒண்ணு, எல்லாமே தண்ணி ஓரத்துல. காரணம் கரி கப்பல்ல வந்துச்சு. நியூகாசில்ல இருந்து கரி ஏத்திட்டு வர்ற சின்னக் கப்பலுக்கு 'சிக்ஸ்டி மைலர்'னே பேரு, அங்கிருந்து இங்க அறுபது மைல் கணக்கு. 1976 கடைசில தெற்கு ஆஸ்திரேலியாவுல இருக்கற மூம்பால இருந்து இயற்கை எரிவாயு குழாய்ல வந்துருச்சு, கரியில கேஸ் எடுக்கற தேவை போச்சு. மார்ட்லேக் தொழிற்சாலை இருந்த இடம் இன்னிக்கு பிரேக்ஃபாஸ்ட் பாயிண்ட்னு பேரு மாத்தி அழகான வீடுங்க, மில்லர்ஸ் பாயிண்ட் பக்கம் பாரங்காரூ டவருங்க. கேஸ் எரிஞ்சு தீந்து போச்சு, ஆனா அத எடுக்கறப்ப மிஞ்சின தார், சாம்பல், சயனைடு கலந்த மண்ணு, இதெல்லாம் எங்க போகும், அங்கயேதான் கிடக்கு.

போர் போடறதுக்கு முன்னாடி ஒரு மாசம் காகித வேலைதான். சிட்னிய 1943-ல மேல இருந்து எடுத்த விமானப் படங்கள் இருக்கு, அதுல எங்க இடத்துல ரெண்டு பெரிய வட்டம் பளிச்சுன்னு தெரியும், கேஸ் சேத்து வைக்கற தொட்டி. மேல இருக்கற இரும்ப பிரிச்சு வித்துடுவாங்க, தரைக்குள்ள இருக்கற செங்கல் தொட்டிய பெரும்பாலும் இடிச்ச கல்லையும் மண்ணையும் கொட்டி மூடிட்டு போயிருப்பாங்க, அடியில தார் அப்படியே. பழைய வரைபடத்து மேல இந்தப் படத்த வச்சு, எங்க தொட்டி, எங்க தார் குழி, எங்க கேஸ சுத்தம் பண்ற கொட்டகைன்னு குறிச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி போர் இடத்த முடிவு பண்ணணும். எல்லா இடத்துலயும் போட முடியாது, காசு. அதனால போடாத இடம் அறிக்கையில வெறும் வெள்ளையா இருக்கும், படிக்கறவங்க அத சுத்தமான இடம்னு நினைச்சுக்குவாங்க. இந்த ஒரு விஷயம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்தும்.

சரி 4-வது போருக்கு வரேன். மேல ஒண்ணரை மீட்டர் செங்கல் துண்டு, கரிச்சாம்பல், நடுவுல சிப்பி ஓடு, ஆத்த மூடி நிலமாக்கறதுக்கு கையில கிடைச்சத எல்லாம் கொட்டியிருக்காங்க. அதுக்குக் கீழ ஒரு சாண் அளவுக்கு நீலம். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவோமே, அந்த கலர் மண்ணுல. முதல் தடவை பாக்கறவங்க பெயிண்டுன்னு நினைப்பாங்க. கேஸ்ல இருக்கற கந்தகத்தையும் சயனைடையும் பிடிக்க துருப்பிடிச்ச இரும்புத்தூள் வழியா அனுப்புவாங்க, அந்த தூள் தீந்து போனதும் வெளிய கொட்டிடுவாங்க, சயனைடும் இரும்பும் சேர்ந்து இந்த நீலம். அதுக்கும் கீழ சாம்பல் நிற ஆத்துச் சேறு, அந்த சேத்துல நூல் நூலா பளபளன்னு கறுப்பு, உறைய சாய்ச்சா மெதுவா நகருது. தார்.

தார் தண்ணிய விட கனம், மிதக்காது, இறங்கிக்கிட்டே போகும், கெட்டியான களிமண் வந்தாதான் அது மேல உக்காரும். ரிக் ஓட்டறவர் நல்ல அனுபவசாலி, இன்னும் ரெண்டு மீட்டர் போலாமான்னு கேட்டார், அன்னிக்கு மெஷின் வாடகை ஏற்கனவே குடுத்தாச்சு, போனா இன்னும் தகவல் கிடைக்கும். நான் வேணாம்னு சொன்னேன். அந்தக் களிமண்ண நாம குத்தினா தாருக்கு நாமளே வழி வெட்டி குடுத்த மாதிரி, கீழ சுத்தமா இருக்கற மணற்கல் பாறைக்குள்ள போயிரும். பென்டோனைட்ங்கற ஊறி உப்பற களிமண்ணுக் கரைசல ஊத்தி அடியில இருந்து அடைச்சுட்டு கிளம்பினோம். தெரிஞ்சுக்கற ஆசையில கெடுத்துடக் கூடாது, இதுல நான் ரொம்பப் பிடிவாதம்.

மொத்தம் 7 போர கண்காணிப்புக் கிணறா மாத்தினோம். கிணறுன்னா நம்மூர் கிணறு இல்ல, 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய், அடியில சன்னமா கீறல் விட்டது, சுத்தி மணல், மேல பென்டோனைட் அடைப்பு, தரை மட்டத்துல இரும்பு மூடி. ஒரு வாரம் விட்டு தண்ணி மட்டம் அளந்தேன். காலையில 9 மணிக்கு தெருப்பக்கம் ஆரம்பிச்சு மதியம் பன்னிரண்டரைக்கு ஆத்துப்பக்கம் முடிச்சேன். அந்த அளவ வச்சு படம் வரைஞ்சா நிலத்தடி நீர் ஆத்துல இருந்து தெருவப் பாத்து ஓடுது. எனக்கும் கொஞ்சம் விசித்திரமாத்தான் பட்டுச்சு, ஆனாலும் நம்பர் அப்படித்தான சொல்லுதுன்னு அம்புக்குறி போட்டு வரைவு அறிக்கைய அனுப்பிட்டேன். எங்க சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நீ அளந்தப்ப ஆறு ஏறுதா இறங்குதா?

நான் குறிச்சு வைக்கல. கடல் ஓதத்தோட சேர்ந்து அந்த ஆறும் தினமும் ஏறி இறங்கும். அன்னிக்கு ராத்திரி ஓத அட்டவணைய பாத்தா நான் அளந்த மூணரை மணி நேரமும் தண்ணி ஏறிக்கிட்டே இருந்திருக்கு. ஆத்தோரக் கிணறுகள கடைசியா, முழுசா ஏறினப்ப அளந்திருக்கேன். ஒவ்வொரு நம்பரும் சரி, ஆனா ஏழையும் சேத்து வச்சு நான் சொன்னது பொய். அந்தத் தெருவுல வீடுங்க இருக்கு, விஷம் அவங்க பக்கம் வருதுன்னு எழுதியிருக்கேன், அதவிட மோசம், ஆத்துப் பக்கம் போகலன்னு எழுதியிருக்கேன். ரொம்ப நாள் தூக்கம் வரல.

அப்புறம் எல்லா கிணத்துலயும் அழுத்தம் அளக்கற லாகர இறக்கி 10 நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு ரெண்டு வாரம் விட்டோம். தொடர்ச்சியா 71 மணி நேர அளவ எடுத்து ஓதத்தோட ஆட்டத்த கழிச்சுட்டு பாத்தா நீர் போறது ஆத்துக்குத்தான். ஆனா 6-வது கிணறு மட்டும் ஒத்து வரல. கரையில இருந்து 40 மீட்டர் உள்ள இருக்கு, அதுக்கு முன்னாடி 15 மீட்டர்ல இருக்கற கிணறே ஒரு கையளவுதான் ஏறி இறங்குது, இது ஆத்து கூடவே எழும்பி ஆத்து கூடவே விழுது, 20 நிமிஷம்தான் பிந்துது. மண்ணு வழியா அவ்வளவு வேகமா வராது.

அந்த வாரந்தான் அந்த ஐயாவ பாத்தேன். எழுபது வயசு இருக்கும், எங்க வேலிக்கு வெளிய கரைச்சுவத்து மேல தினமும் தூண்டில் போட்டு உக்காந்திருப்பார். ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்டு பக்கமெல்லாம் நம்ம ஆளுங்க நிறைய, அதனால என் முகத்த பாத்ததும் பேசிட்டார். "பிள்ளை நீங்கள் இந்தியாவே? என்ன, எண்ணெய்யே தேடுறியள்?" மண்ணும் தண்ணியும் கெட்டுப் போச்சான்னு பாக்கறோம்னு சொன்னேன். விளக்க வேண்டியிருக்கும்னு நினைச்சா, அவர் தலைய ஆட்டிட்டு சுன்னாகம்னார், யாழ்ப்பாணத்துல இருக்கற ஊர். மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கலந்து வீட்டுக் கிணத்துல எண்ணெய் மிதந்தத, அவர் தங்கச்சி குடும்பம் பவுசர் லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னத சொன்னார். யாழ்ப்பாணத்துல பெரிய ஆறே கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இருக்கற கிணத்துத் தண்ணிதான் எல்லாத்துக்கும். "கிணறு போனா ஊர் போச்சு பிள்ளை."

மீன் சாப்பிடறீங்களா ஐயான்னு கேக்க எனக்கு வாய் வரல, ஆனா கேட்டேன். ஹோம்புஷ் பேல டையாக்சின் இருக்குன்னு 1989-லயே மீன் பிடிக்கத் தடை, 2006-ல இருந்து துறைமுகம் முழுக்க வியாபார மீன்பிடி நிறுத்தம், ஹார்பர் பாலத்துக்கு மேற்க பிடிச்சத எதையும் சாப்பிடாதீங்கன்னு அரசாங்கமே சொல்லுது, நாங்க நின்ன இடம் மேற்கு. பொழுதுபோக்குக்குத்தான், பிடிச்சு விட்டுடுவேன்னார். நம்பினேன், நம்பணும்னு ஆசையாவும் இருந்துச்சு.

அப்பதான் 6-வது கிணத்த பத்தி சொன்னேன், ஓதத்த டைட் டைட்னு நாலு தடவை சொல்லியிருப்பேன். "வத்துப்பெருக்கு எண்டு சொல்லுங்கோ," ன்னு திருத்திட்டு, நல்லா வத்தற நேரத்துல சுவத்துக்குக் கீழ ஒரு ஓட்டை தெரியும், அதுக்கிட்ட தண்ணியில கலர் கலரா ஓடும், வந்து பாருங்கோன்னார். எங்க கோப்புல அப்படி ஒரு ஓட்டையே இல்ல. திரும்பிப் போய் 1920-கள்ல வரைஞ்ச படத்த எடுத்துப் பாத்தா தார் குழியில இருந்து கரை வரைக்கும் ஒரு புள்ளிக்கோடு, 6-வது கிணத்த ஒட்டிப் போகுது. முதல் நாளே பாத்ததுதான், ஏதோ எல்லைக்கோடுன்னு விட்டுட்டேன். செங்கல் வடிகால்.

இதுக்குப் பின்னாடி இன்னும் 5 போர் வேணும்னு கேட்டப்ப வேலை குடுத்தவங்க தரப்புல முகம் சுளிச்சாங்க. அவங்க கவலை புரியாம இல்ல. இங்க ஒரே மண்ணுக்கு ரெண்டு அளவு, தார்ல இருக்கற, புத்துநோய் வரவைக்கற பென்சோபைரீன் வகையறா தோட்டம் வச்ச வீடுன்னா கிலோவுக்கு 3 மில்லிகிராம் தாண்டினா மேற்கொண்டு ஆராயணும், தொழிற்சாலைன்னா 40 வரைக்கும் விடலாம். அங்க வரப்போறது வீடு. குழந்தை மண்ணள்ளி வாயில வைக்கும்ங்கற கணக்குலதான் அந்த 3. நான் அந்த வடிகால வெள்ளையா விட்டுட்டு கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன், சீனியர் கூட நின்னார், மூணு போர் குடுத்தாங்க.

வத்தம் காலையில ஐந்தே முக்காலுக்கு. ஐயா எனக்கு முன்னாடியே வந்துட்டார், கையில டார்ச்சும் ஒரு குச்சியும். சேத்துல பூட்ஸ் முழங்கால் வரைக்கும் இறங்குது. சொன்ன மாதிரியே பாசி மூடின செங்கல் வளைவு, அதுல இருந்து கையகல தண்ணி வழியுது, மேல வானவில் மாதிரி ஏடு. கலர் தெரிஞ்ச உடனே எண்ணெய்னு முடிவு பண்ணக் கூடாது, இரும்புச் சத்த தின்னு வாழ்ற பாக்டீரியாவும் இதே மாதிரி ஏடு கட்டும். குச்சியால குத்திப் பாக்கணும். பாக்டீரியான்னா கண்ணாடி உடையற மாதிரி சில்லு சில்லா பிரிஞ்சு அப்படியே நிக்கும். எண்ணெய்னா வழி விட்டுட்டு திரும்ப மூடிக்கும்.

அவர்கிட்ட குச்சிய வாங்கி நடுவுல ஒரு கோடு கிழிச்சேன். ரெண்டா பிரிஞ்சுது. கோடு முடியறதுக்குள்ள ஆரம்பிச்ச இடத்துல சேர்ந்துக்கிச்சு. ஐயா ஒண்ணும் பேசல, டார்ச்ச அசையாம பிடிச்சுக்கிட்டார். நான் 40 மில்லி சீசாவ நிரப்பி, மூடி, தலைகீழா கவுத்து உள்ள காத்துக்குமிழி இருக்கான்னு பாத்தேன், இல்ல. லேபிள்ல தேதி, 5:52, அதுக்குப் பக்கத்துல தமிழ்ல வத்து.