நான் அளந்த படகும் அவர் இழுத்துப்போன படகும்

"தம்பி, நீ செஞ்சு குடுத்த ட்ரெய்லர் வாலாட்டுது."

அதாவது ஓடும்போது இடமும் வலமுமாக ஆடுகிறதாம். போனில் இதைக் கேட்டதும் நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் அவருடைய மீன்பிடிப் படகுக்கென்றே அளவெடுத்து ட்ரெய்லர் செய்து அனுப்பியிருந்தேன். படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 1,200 கிலோ. கொக்கியில் இறங்கும் பாரத்தை நானே எடை மெஷின் வைத்துப் பார்த்தேன், 90 கிலோ இருந்தது. அதாவது ஏழரை சதவீதம். படகு ட்ரெய்லருக்கு 5 முதல் 10 சதவீதம் வரை கொக்கியில் இருந்தால் சரி என்பதுதான் நான் தொழில் கற்ற நாளிலிருந்து வைத்திருக்கும் கணக்கு. இழுக்கும் வண்டியின் கொக்கி அதைத் தாங்குமா என்றும் பார்த்தாயிற்று. அப்புறம் எப்படி வாலாட்டும்?

"எந்த வேகத்துல ஆடுதுண்ணே?"

"80-ஐத் தாண்டினா ஆரம்பிக்குது. காலை எடுத்தேன், கொஞ்ச தூரத்துல தானா அடங்கிடுச்சு."

நல்ல வேளை, பிரேக்கை மிதிக்கவில்லை. ஆடும்போது முன்வண்டியின் பிரேக்கை மிதித்தால் முன்வண்டி நிற்கப் பார்க்கும், பின்னால் வருவது தள்ளும். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து அடக்கப் பார்த்தாலோ ஆட்டம் இன்னும் கூடும். ட்ரெய்லருக்குத் தனியாகக் கையால் போடும் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். இல்லையென்றால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் வழி.

"இப்போ எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வாங்கண்ணே. ஒரு சாமானையும் இறக்காதீங்க" என்றேன். எதனால் அப்படிச் சொல்லத் தோன்றியதோ தெரியாது. அது மட்டும் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது.

வந்ததும் வண்டியிலிருந்து கழற்றி, சமதரையில் நிறுத்தினோம். வண்டியில் மாட்டியிருந்தபோது கப்ளர் (வண்டியின் கொக்கிப் பந்தைக் கவ்விப் பிடிக்கும் ட்ரெய்லரின் முன்முனை) எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷின் மேல் நிறுத்தி, கப்ளரை அதன் மேல் இறக்கினோம். 27 கிலோ காட்டியது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஏறி நின்றேன். என் எடையைச் சரியாகவே காட்டியது.

படகுக்குள் ஏறிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் எடை போட்ட அன்று படகில் பெட்ரோல் டேங்க் காலி. இப்போது 120 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 89 கிலோ. டேங்க் இருப்பது ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். மீனை உயிரோடு வைக்கும் தொட்டியிலும் அதே இடத்தில் 80 லிட்டர் தண்ணீர். ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 60 கிலோ ஐஸ் பெட்டி. சீசா பலகையில் பின்பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் முன்பக்கம் எழும்புகிற கதைதான். கப்ளரிலிருந்து ஆக்சிலுக்கு 5 மீட்டர். பெட்ரோல் 27 கிலோவையும், தண்ணீர் 24 கிலோவையும், ஐஸ் பெட்டி 12 கிலோவையும் கொக்கியிலிருந்து தூக்கிவிட்டன. 90-இல் 63 போனால் மீதி 27. மொத்த எடையோ 1,429 கிலோவாக ஏறியிருந்தது. 2 சதவீதம்கூட இல்லாத பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஓடினால் வாலாட்டாமல் என்ன செய்யும்?

நான் அளந்தது ஒரு படகை. அவர் இழுத்துப்போனது வேறொரு படகை.

சரிசெய்ய அரை நாள் ஆனது. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். சாலையில் போகும்போது அதற்கு அங்கே வேலையே இல்லை. ஐஸ் பெட்டியை அணியத்துப் பக்கம், ஆக்சிலுக்கு 2 மீட்டர் முன்னால் கொண்டுபோய்க் கட்டினோம். ஆக்சிலை 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினோம். மறுபடி எடை போட்டால் 112 கிலோ. பெட்ரோலும் பெட்டியும் இல்லாத படகுக்குக் கணக்குப் போட்டாலும் அதே அளவுதான் வந்தது. அதனால் அவர் சாமானோடு போனாலும் காலியாகப் போனாலும் தாங்கும் என்று தைரியம் வந்தது.

ஆக்சிலை இப்படித் தள்ள முடிந்ததற்குக் காரணம், அதை வெல்டிங் வைக்காமல் யூ போல்ட்டில் பிடித்திருந்ததுதான். வெல்டிங்தான் பலம் என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துருப்பிடிக்காமலிருக்க நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசிய சட்டத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்து முலாம் எரிந்துபோகும், அந்தப் புகையும் ஆளுக்கு ஆகாது. உப்புத்தண்ணீர் அந்த ஓட்டையைத்தான் தேடி வரும். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன், ஸ்பானரைத்தான் காட்டுகிறேன்.

இதே தவறை வேறு உருவத்தில் பல வருடம் முன்பே செய்திருக்கிறேன். இன்றும் உறுத்துவது அதுதான். கண்ணாடி இழைப் படகு ஒன்று மோட்டார் மாட்டாமல் வந்தது. அடிவயிற்றை அளந்து, கார்பெட் சுற்றிய நீளக்கட்டைகள் இரண்டை அதன் வளைவுக்கு ஏற்றபடி சாய்த்து வைத்தேன். பார்க்க அழகாக உட்கார்ந்தது. ஆனால் கட்டைகள் அமரத்துப் பலகைக்கு, அதாவது மோட்டார் மாட்டும் பின்பலகைக்கு, ஒரு சாண் முன்னாலேயே முடிந்திருந்தன. காலிப் படகுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பிறகு அவர் அந்தப் பலகையில் பெரிய மோட்டாரை மாட்டினார். சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அது, தாங்க ஆளில்லாத அந்த ஒரு சாணைக் கீழே இழுத்துக் குலுக்கியது.

ஒரு சீசன் கழித்து வந்து, படகு முன்னைப் போல ஓடவில்லை, மூக்கு தண்ணீரை விட்டு எழவில்லை என்றார். படகைத் தூக்கி, அடியில் பின்முனையிலிருந்து முன்னோக்கி ஒரு நேரான அலுமினியப் பட்டையை வைத்தேன். இரண்டு முனையும் தொட்டன, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கில் ஒரு நாணயம் தடையில்லாமல் நுழைந்தது. பின்விளிம்பு கீழே தொங்கி, அடிப்பகுதி உள்குழிந்துவிட்டது. ஓடும்போது தண்ணீர் அந்தத் தொங்கலில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்கும், முன்பக்கம் அமுங்கும். என் கட்டை அவர் படகின் உருவத்தையே மாற்றியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வர வெகுநேரம் ஆனது. இப்போதெல்லாம் கட்டையின் முனை பின்பலகைக்கு நேர் கீழே வராமல் பட்டறையை விட்டு எதையும் அனுப்புவதில்லை.

மற்றவை பெரும்பாலும் பழக்கம்தான். தூரம் ஓடி வந்த சூட்டோடு ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) சட்டென்று குளிர்ந்து உள்ளேயிருக்கும் காற்று சுருங்கினால், சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திறக்கும்போது கிரீஸ் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் பேரிங்குக்கு நாள் எண்ணிக்கொள்ளலாம். ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கப்ளர் கழன்றாலும் அந்தத் தொட்டிலில் விழும், தரையில் குத்தாது. இன்னொன்று, 2 அங்குலக் கப்ளருக்குள் அதைவிடச் சிறிய 1⅞ அங்குலப் பந்தும் போகும், பூட்டும் விழும், ஒரு பெரிய பள்ளம் வரும்வரை ஒன்றும் தெரியாது. பூட்டியபின் முன்ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும். கப்ளர் மட்டும் எழுந்தால் அன்றைக்குப் பயணம் இல்லை.

இப்போது அளவெடுக்க வருகிறவர்களிடம் படகை மீன்பிடிக்கப் போகும் கோலத்திலேயே கொண்டுவரச் சொல்கிறேன். டேங்க் நிறைய எண்ணெய், பெட்டி நிறைய ஐஸ், வலை, கயிறு எல்லாம் இருக்க வேண்டும். சிலர் சிரிப்பார்கள். அளவெடுக்கத்தானே என்பார்கள்.

வாலாட்டிய ட்ரெய்லர்காரர் போன மாதம் டயர் பார்க்க வந்தார். நேராகத்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் சக்கரத்தைப் பார்க்கும் முன் படகுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"நங்கூரமும் சங்கிலியும் முன்னாடிதானே இருந்துச்சு?"

"ஆமா. எடுக்க வசதியா இருக்கட்டும்னு பின்னாடி மாத்தினேன்…" என்று இழுத்தவர், தானே போய் மூலையிலிருந்த எடை மெஷினைத் தூக்கிவந்தார்.