சேற்றுக்குள் போன சாயம்

ஆற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் ஒழிந்தது என்று திருப்பூர்ப் பக்கத்து எங்கள் சொந்தக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். சிங்கப்பூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என்னால் அப்படி நிம்மதியாக இருக்க முடியவில்லை.

செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். ஆற்றடிச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். சேற்றிலுள்ள சல்பைடும் இரும்பும்கூட அறுக்கும். நிறம் அத்தோடு போய்விடும். ஆனால் அறுந்த துண்டுகள் அங்கேயே கிடக்கும், அமீன் எனப்படும் நிறமில்லாத நைட்ரஜன் சேர்மங்களாக. சில சாயங்களிலிருந்து வரும் பென்சிடின் என்ற அமீன் புற்றுநோயை உண்டாக்கும். அப்படிப்பட்ட அமீன்களைத் தரும் சாயங்களை உடுதுணிகளில் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் சட்டமே போட்டது.

இந்த அமீன்கள் மேலும் சிதைய ஆக்சிஜன் வேண்டும். பிறப்பதோ ஆக்சிஜன் இல்லாத இடத்தில்!

இங்கே சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போனால் சேற்றைக் கவனியுங்கள். மேலே மெல்லிய பழுப்புப் படலம், கீழே அழுகிய முட்டை வாடையடிக்கும் கருஞ்சேறு. நண்டு வளைகளும் அலையாத்தி வேர்களும் அந்தக் கருப்புக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோகின்றன. அறுப்பதும் சிதைப்பதும் அடுத்தடுத்து நடக்க அங்கே வழியிருக்கிறது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. அணைக்குள் கனமாகப் படியும் வண்டலுக்கு நண்டு வளை ஏது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அது மேலிருந்து வருவதைத்தான் நிறுத்தும். அடியில் படிந்ததை அல்ல. அமீன்களில் ஒரு பகுதி மண்ணின் மட்கோடு இறுகப் பிணைந்து நகராமல் நின்றுவிடும் என்பது கொஞ்சம் ஆறுதல்.

"தண்ணி தெளிவாத்தான இருக்குது அம்மிணி?" என்பார் மாமா. தண்ணீரை மொண்டு பார்த்தால் போதாது மாமா, வண்டலை ஆழம் ஆழமாக எடுத்து அமீனை அளக்கணும் என்பேன். கூடவே உப்பையும். சாயமேற்ற மூட்டை மூட்டையாகக் கொட்டிய அந்த உப்பை எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது.