பெற்றோருக்கு ஏற்ற ஸ்ட்ரீமிங் கருவி

எழுபதைக் கடந்த என் பெற்றோருக்கு, தொலைக்காட்சியில் செருகி இணையவழிப் படங்களைப் பார்க்க உதவும் ஸ்ட்ரீமிங் கருவி (ஸ்டிக்) தேடியபோது, படத்தின் துல்லியத்தைவிட ரிமோட்டையே முதலில் பார்த்தேன். 2013இல் வந்த கூகுளின் முதல் ஸ்ட்ரீமிங் கருவியான குரோம்காஸ்டுக்குத் தனி ரிமோட்டே கிடையாது. எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்துதான் இயக்க வேண்டும் என்பதால், அவ்வகைக் கருவி முதியவர்களுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. தொலைக்காட்சியை அணைக்கவும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் ஸ்டிக்கின் ரிமோட்டே உதவ வேண்டும். இரண்டு ரிமோட்டுகள் இருந்தால் ஒன்று எப்போதும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கும்!

சாம்சங்கில் எனிநெட் பிளஸ் என்றும் எல்ஜியில் சிம்ப்லிங்க் என்றும் வழங்கும், எச்டிஎம்ஐ கம்பியால் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் எச்டிஎம்ஐ சிஇசி வசதியைத் தொலைக்காட்சியின் அமைப்புகளில் இயக்கிவிட்டால், பெரும்பாலும் ஸ்டிக்கின் ரிமோட்டை அழுத்தியதுமே தொலைக்காட்சியும் உயிர்பெற்று, உரிய எச்டிஎம்ஐ இணைப்புக்குத் தானே மாறிவிடும். மின்சாரத்துக்கு, உடன்வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் செருகுங்கள். தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையை நம்பினால், பல வீடுகளில் தொலைக்காட்சியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டிக்கும் அணைந்து, மறுமுறை அது முழுதாகத் தொடங்கும்வரை பெற்றோர் காத்திருக்க நேரும்.